ஊருக்காகக் கட்டிய காப்பு

தொழிலாளர் முகாமின் காய்கறிக் குளிர் அறைக்குள் பூமிநாதன் எப்போதும் தடித்த மேல்சட்டையோடு இருந்ததால் அவருடைய இடது கையை வெளியாள் யாரும் பார்த்ததில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதில் சாம்பல் நிறப் பட்டைகள் நெருக்கமாக ஏறியிருந்தன. ஒவ்வொரு பட்டையிலும் அரிசி அளவுக்கு ஒரு பச்சை வெளிச்சம். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே விளக்கை அணைத்துவிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டினால் பதினோரு பச்சைப் புள்ளிகள் ஒரே தாளத்தில் மினுங்கும். பதினோரு பேர் நலமாக இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

அந்தப் பதினோரு பேரில் அவர் ஒருவர்தான் குளிரில் இருந்தார். மற்றவர்கள் வெளியே, கடலைத் தள்ளி நிறுத்துவதற்காக எழுந்துகொண்டிருந்த சுவரின் மேல், இரும்புக் கம்பிகளுக்கு இடையே கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைகுடா நகரத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கடல் அதை வாங்கித் திருப்பி எறியும். சுவர் அதைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்த பிறகு மெதுவாக வெளியே விடும். அங்கே வேலை செய்பவர்கள் நிழலைப் பற்றிப் பேசும்போது, பார்க்காத ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

பட்டை, எட்டு நாட்டு ஒப்பந்தம் கொடுத்தது. தொழிலாளர்களை அனுப்பும் நான்கு அரசுகளும் அழைத்துக்கொள்ளும் நான்கு அரசுகளும் பல வருடங்கள் பேசி எழுதிய ஒப்பந்தம். அதற்கு முன்பு பாஸ்போர்ட்டுகள் கம்பெனி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. வெயிலில் நின்றுவிட்டு வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்காமல் போனால் இயற்கை மரணம் என்று எழுதிப் பெட்டியில் அனுப்பினார்கள். ஒப்பந்தம் வந்த பிறகு ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. தோலின் சூட்டையும் நாடியையும் அது சேர்த்துப் பார்க்கும். உடம்பு எல்லையைத் தாண்டினால் பச்சை சிவப்பாகும். ஒப்பந்தத்தின் மருத்துவ வண்டி முகாம் வாசலுக்கு வந்து நிற்கும். எந்தக் கம்பெனியும் அதைத் தடுக்க முடியாது.

இரண்டாவது முறை சிவப்பு வந்தால் மீட்பு. சொந்த நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு ஏழு வருடங்களுக்கு எட்டு நாடுகளில் எதுவும் அவனுக்கு வெளிநாட்டு வேலை கொடுக்காது. யாரையும் தண்டிக்க எழுதிய விதி அல்ல அது. தாங்காத உடம்பை மறுபடி வெயிலில் நிறுத்தக் கூடாது என்று நினைத்த நல்ல மனிதர்கள் எழுதியது.

மறுபக்கம் இன்னொரு விதி இருந்தது. ஐந்து வருடங்களை மீட்பு இல்லாமல் முடித்தவன் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம்.

இருளேஸ்வரனின் வாழ்க்கை இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் நின்றது. பூமிநாதனின் தங்கை நாகஜோதியைக் கட்டியவன். ராமநாதபுரம் கரையில் அவர்களுடைய ஊருக்குள் கடல் வந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நாகஜோதியும் மகள் இனியாவும் பரமக்குடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை முகாமில் இருந்தார்கள். இருளேஸ்வரனுக்கு இரண்டாவது கோடையிலேயே ஒரு சிவப்பு விழுந்துவிட்டது. இன்னொன்று விழுந்தால் அவனும் அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும்.

தன் பட்டையைப் பூமிநாதன் கட்டிக்கொள்ளட்டும் என்ற யோசனையைச் சொன்னவன் அவன்தான். பட்டைகளை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கொடுப்பார்கள். புதுப் பட்டை முதல் இரவில் எந்தக் கையில் இருக்கிறதோ அந்த நாடியைக் கற்றுக்கொள்ளும். பிறகு வேறு கையில் ஏறினால் அணைந்துவிடும். ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்பது பட்டைக்குத் தெரியாது. இடத்தைக் காட்டினால் தப்பி ஓடுகிறவனைக் கம்பெனி விரட்டிப் பிடிக்கும் என்று தொழிற்சங்கங்கள் சண்டை போட்டு அதை எடுக்க வைத்திருந்தன.

பங்குனித் திருவிழாவுக்கு அவர்கள் ஊரில் காப்புக் கட்டினால் யாரும் எல்லை தாண்டக் கூடாது. பிழைப்புக்காகத் தாண்டியே தீர வேண்டியவர்களின் காப்பைப் பூசாரி தன் கையில் கட்டிக்கொள்வார். விரதம், வெறுந்தரைப் படுக்கை எல்லாம் அவர் பாடு. இருளேஸ்வரன் புதுப் பட்டையைக் கொண்டுவந்து நீட்டியபோது அதைத்தான் சொன்னான்.

“பூசாரி கட்டிக்கிட்டா ஊரே கட்டுன மாதிரிதான மச்சான். அப்படி நெனச்சுக்கங்க.”

“பூசாரிக்குப் பத்து நாளுடா மாப்ள. எனக்கு எத்தன நாளு?”

“நீங்க தண்ணிக்குள்ள மூச்சப் புடிச்சுக்கிட்டு சங்கு பொறுக்குன ஆளு. உங்க நெஞ்சு எருமை நடக்குற மாதிரி நடக்கும். உங்களுக்கு என்ன வந்துச்சு?”

அது உண்மைதான். ஊரில் இருந்தவரை பூமிநாதன் சங்கு குளித்தவர். அவர் நாடியைப் பிடித்துப் பார்க்கும் கம்பெனி நர்ஸ் ஒவ்வொரு முறையும் விரலை எடுத்துவிட்டு மறுபடி வைப்பாள். அந்த உடம்பை நான்கு டிகிரிக் குளிரில் முட்டைக்கோஸோடு உட்கார வைத்தால் அதைவிட அமைதியான ஒன்று எட்டு நாடுகளில் கிடைக்காது. மைத்துனனுக்காக ஒன்று கட்டினார். அதைப் பார்த்து, கலவை லாரி ஓட்டும் கீழக்கரை செய்யது வந்தான். பிறகு ஒவ்வொருவராக அந்தக் குழுவில் இருந்த எல்லோரும் வந்தார்கள். பொருள்காப்பாளர் என்ற பெயரில் அவரும் அதே குழுவில்தான் இருந்தார். யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அதனால் அந்தக் குழுவில் யாருக்கும் சிவப்பு விழவில்லை. மயங்கியவனைக் குளிர் அறையில் கிடத்தி, உப்புப் போட்ட மோர் கொடுத்து, எழுப்பி அனுப்பினார்கள். ஒரு கோடை அப்படியே போயிற்று.

*

ஒப்பந்த அலுவலகத்திலிருந்து ரெக்ஸ்லின் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். தூத்துக்குடிப் பெண். முப்பது வயது இருக்கும். கேண்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டாள். முள்ளை எடுக்கிற லாவகத்தைப் பார்த்தே செய்யதுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா இதே கடற்கரையில் எங்கோ கம்பி கட்டியவர் என்றும், பெட்டியில் திரும்பி வந்தார் என்றும், காகிதத்தில் இயற்கை மரணம் என்று இருந்தது என்றும் அவளே சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் மாறவில்லை. பலமுறை பல மேசைகளில் சொல்லிப் பழகிய குரல்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள். எட்டு நாடுகளிலும் கான்கிரீட் வேலை செய்யும் குழுக்களில் இந்தப் பதினோரு பேரின் உடம்புதான் மிகச் சீராக இருக்கிறதாம். வெயிலில் நிற்கும் ஆட்களைப் போலவே இல்லையாம்.

மேசையில் ஒரு கணம் யாரும் மெல்லவில்லை.

“எல்லாம் பூமிண்ணன் குடுக்குற மோருதான் மேடம்” என்றான் செய்யது. சிரிப்பு வந்தது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தது.

அவளும் சிரித்தாள். இதுவரை மதிய ஓய்வு கடிகாரத்தின்படி கொடுக்கப்பட்டது, கோடையில் மட்டும், என்று நினைவுபடுத்தினாள். ஆனால் வெயில் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. பங்குனியிலேயே ஆள் விழுகிறான். கம்பெனிகளுக்கோ மேகம் போட்ட நாளிலும் வேலை நிற்கிறதே என்ற குறை. எட்டு அரசுகளும் இரண்டு பக்கக் குறையையும் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. இனி ஓய்வுக்குக் கடிகாரம் கிடையாது.

“ஒடம்பு கேக்கும்போது ஓய்வு. அவ்வளவுதான் அண்ணாச்சி. ஒரு மாதிரிக் குழுவோட பட்டைங்க செவந்தா, அந்த நிமிஷம் எட்டு நாட்டுலயும் சைரன் ஊதும். எல்லா இடத்துலயும் வேலை நிக்கணும். அந்தக் குழு நீங்கதான்.”

மாதிரிக் குழுவில் இருப்பவர்களுக்குச் சிவப்பு கணக்கில் வராது என்றாள். மீட்பு கிடையாது. அவர்களுடைய குடும்பங்களுக்கு அனுமதி உறுதி.

குழுவில் ஒருவன் விசில் அடித்தான். பூமிநாதன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அவர் வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் இருளேஸ்வரனின் கை அவருடைய முழங்காலைப் பிடித்தது. கெஞ்சுகிற பிடி. அவர் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

அன்று மாலை இருளேஸ்வரன் குளிர் அறைக்குள் வந்து முட்டைத் தட்டுகளின் மேல் உட்கார்ந்தான். அவனுடைய உதடு எப்போதும்போல வெடித்திருந்தது.

“எனக்குச் செவப்பே கிடையாதுன்னு அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லிருச்சு மச்சான். அஞ்சு வருசம் முடிய இன்னும் ரெண்டு மாசம். ஜோதியும் புள்ளையும் வந்துருவாக.”

“மத்தவன் நெலமைய நெனச்சியாடா? நான் இங்க உக்காந்துகிட்டு இருந்தா எவன் பட்டை செவக்கும்? எப்புடி ஊதும்?”

இருளேஸ்வரன் அதை யோசித்திருந்தான். அவனுடைய முகத்தில் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லாமல், மகள் நேற்று போனில் கேட்டதைச் சொன்னான். அங்கே நம்ம வீட்டு வாசலில் நிழல் இருக்குமா என்று கேட்டதாம். தகரத்துக்குக் கீழே அவளுக்கு வேர்க்குரு பழுத்துச் சீழ் கட்டியிருக்கிறதாம்.

“ரெண்டே மாசம்” என்றான் மறுபடி.

பூமிநாதன் முட்டைத் தட்டிலிருந்து அவனை எழுந்திருக்கச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று இருவருக்கும் தெரிந்தது.

*

புது விதி தொடங்கிய நாளில் உச்சிவெயில் வந்தது, சைரன் வரவில்லை.

போன கோடை வரை அந்த நேரத்துக்குச் சைரன் ஊதியதும் முகாமே ஒருமுறை மூச்சு விடும். அன்று கலவை லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. மீன் இறக்க வந்த வண்டிக்காரன், பக்கத்து நாட்டுத் துறைமுகத்திலும் ஊதவில்லையாம், அண்ணன் மகன் போன் பண்ணினான், இன்றைக்கு வெயில் குறைச்சல்போல என்று சொல்லிச் சிரித்தான். அவனுடைய புருவத்தில் உப்புப் படிந்திருந்தது.

பூமிநாதன் கதவை மூடிக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார். பதினோரு பச்சைகள். அவர் குதித்துப் பார்த்தார். மூட்டைகளைத் தூக்கி மாற்றி வைத்தார். மூச்சு வாங்கியது, ஆனால் தோல் சில்லென்றே இருந்தது. பச்சைகள் அசையவில்லை.

பிற்பகலில் செய்யதும் இன்னொருவனும் இருளேஸ்வரனைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவனுக்கு வியர்ப்பது நின்றுபோயிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. சுவரில் இன்னும் நாலைந்து பேர் உட்கார்ந்துவிட்டதாகவும், மேஸ்திரி சைரன் ஊதாமல் இறங்கக் கூடாது என்று ஏணியில் நிற்பதாகவும் செய்யது சொன்னான். ஒப்பந்த வண்டியைக் கூப்பிட்டால் பட்டை என்ன நிறம் என்று கேட்கிறார்கள்.

இருளேஸ்வரனின் பட்டை பூமிநாதனின் கையில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

அவர் மைத்துனனின் நெஞ்சில் ஐஸ் பையை வைத்துவிட்டு மேல்சட்டையைக் கழற்றி எறிந்தார். வெங்காய மூட்டை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஓடினார். குளிரிலிருந்து நேரே வந்த உடம்பை வெயில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. தொட்டியின் தகரம் கண்ணுக்குள் வெடித்தது. கடலுக்கு அடியில் மூச்சு முடிகிற நேரத்தில் காதுக்குள் கேட்கும் சத்தம், பல வருடங்களுக்குப் பிறகு கேட்டது. அப்போதெல்லாம் மேலே வந்துவிடலாம். இங்கே மேலே என்று ஒன்று இல்லை. அவர் ஓடினார்.

முதலில் மணிக்கட்டில் ஒன்று சிவந்தது. பிறகு முழங்கை வரை வரிசையாக எல்லாம்.

சைரன் ஊதியது. சுவரின் உச்சியிலிருந்து, அடுத்த சுவரிலிருந்து, வளைகுடாவின் மறுகரையில் கப்பல் துறையிலிருந்து. ஒன்று அடங்குமுன் இன்னொன்று தொடங்கி, தூரத்தில் எங்கோ தேய்ந்து போயிற்று. தேய்ந்த இடத்துக்கு அப்பாலும் அது போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பார்த்திராத ஊர்களில், பெயர் தெரியாத ஆட்கள் ஏணியிலிருந்து இறங்கி நிழலைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர் மூட்டையைப் போட்டுவிட்டு மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

வண்டி வந்தது. சிவந்த பட்டைக்காரர் யார் என்று கேட்டார்கள். செய்யது, இருளேஸ்வரனைக் காட்டி, ஐஸ் வைப்பதற்காகப் பட்டையைக் கழற்றி வைத்தோம் என்றான். அவனுக்கு நரம்பில் மருந்து ஏற்றினார்கள். மாலையில் கண் பார்க்க ஆரம்பித்தது.

*

அதன் பிறகு நாள்தோறும் அதுதான். சுவரில் இருப்பவர்களின் நடை தள்ளாடத் தொடங்கும்போது செய்யது லாரியின் ஹாரனை அடிப்பான். பூமிநாதன் மூட்டையோடு முற்றத்துக்கு வருவார். குழுவில் யாரும் அதைப் பற்றிக் கேலி பேசவில்லை. சாப்பாட்டின்போது அவருக்கு முன்னால் மீன் துண்டுகள் தானாகச் சேர்ந்தன.

ரெக்ஸ்லின் மறுபடி வந்தபோது நேரே குளிர் அறைக்கு வந்தாள். அவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. பூமிநாதன் மாற்றுச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு காரட் கூடைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள்.

“போன திங்கக்கிழமை காலையில அடுக்கடுக்காத் தும்முனீங்களா அண்ணாச்சி?”

மிளகு மூட்டை பிரிந்துவிட்டது என்றார் அவர்.

“பதினோரு நெஞ்சும் ஒரே நேரத்துல தும்மியிருக்கு.”

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். அவள் எண்ணிப் பார்க்கவில்லை. தனித்தனியாக எவருடைய நாடியையும் யாரும் பார்க்கக் கூடாது, மொத்தச் சராசரியைத்தான் பார்க்கலாம் என்று சட்டம் எழுதியதும் அவர்கள்தான் என்றாள். தினமும் உச்சிநேரத்தில் சிவப்பு ஒரே பாய்ச்சலாக வருவதைப் பார்த்துச் சந்தேகம் வந்து, அந்தச் சட்டத்தை மீறித்தான் பார்த்தாளாம். இவ்வளவு குளிர்ந்த தோல் இந்த முகாமில் ஒருவருக்குத்தான் இருக்க முடியும்.

“எங்கப்பாவுக்கு இது கெடைக்கலன்னுதான் நான் இதுக்குள்ளயே வந்தேன். நீங்க அதக் கழட்டி வெச்சிருக்கீங்க.”

“கழட்டல தாயி. எல்லாத்தையும் ஒரே கையில கட்டிருக்கோம். ரெண்டு தடவ செவந்தா ஊருக்குப் போன்னு எழுதிருக்கீக. ஊரு எங்க இருக்கு? அதையும் எழுதியிருந்தா நாங்க ஏன் இந்த வேலை பாக்கப் போறோம்?”

கம்ப்ரெஸர் ஓடி நின்றது. எல்லாவற்றையும் மேலே சொல்லிவிடுங்கள், என்னை மட்டும் அனுப்பட்டும், பையன்களை விட்டுவிடட்டும் என்றார் பூமிநாதன். தன் பங்குக்கு இதை முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

“நான் சொல்லிட்டா நாளைக்கே இந்தப் பட்டைங்களை அணைச்சிருவாங்க. அப்புறம் சைரனே கெடையாது. பழைய மணிக்கணக்க எட்டு நாடும் ரத்து பண்ணியாச்சு. வேற குழுவ எடுக்கணும்னா எட்டுப் பேரும் மறுபடி கூடி உக்காந்து கையெழுத்துப் போடணும். அது அடுத்த மார்ச்சு.”

அடுத்த மார்ச்சுக்கு முன்னால் ஒரு முழுக் கோடை இருந்தது.

“அப்ப, அதுவரைக்கும் நான் ஓடணும்.”

“ஓடுனாலும்...” என்று தொடங்கி அவள் நிறுத்தினாள். பிறகு, அவருக்குத் தெரிந்திருப்பதுதான் நியாயம் என்று தீர்மானித்தவள்போலச் சொன்னாள். “ஒடம்பு வெயிலுக்குப் பழகிக்கும் அண்ணாச்சி. பழகப் பழக நாடி ஏறாது. அதுபோக, பட்டையும் கத்துக்கும். நேத்து நீங்க தாங்குனதை இன்னைக்குச் சாதாரணம்னு எடுத்துக்கும். அது நல்லதுக்குத்தான் வெச்சோம். தேவையில்லாமப் பயமுறுத்தக் கூடாதுன்னு.”

வாசலில் சட்டையைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். இந்த முகாமிலிருந்துதான் எட்டுத் தலைவர்களுக்கும் முதல் மாத அறிக்கை போயிருக்கிறதாம். விபத்து குறைந்திருக்கிறது, வேலை கூடியிருக்கிறது என்று எல்லா நாடுகளும் பாராட்டியிருக்கின்றன. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். அவருடைய கண்ணைப் பார்க்காமல் போனாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை என்பது அடுத்த நாளும் பட்டைகள் மின்னியதில் தெரிந்தது.

*

நாகஜோதியும் இனியாவும் வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் இருளேஸ்வரன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மகள் அவனைவிட உயரமாகிவிடுவாள்போல இருந்தாள். நாகஜோதி கணவனைத் தாண்டி அண்ணனைப் பார்த்தாள்.

“என்னண்ணே இது? குளுரு ரூம்புல வேலைன்ன. இவர விடக் கருத்துப்போயிருக்க.”

“குளுரு ஒத்துக்கல. டாக்டரு வெயில்ல ஓடச் சொல்லிருக்காரு” என்றார் பூமிநாதன்.

“சங்கு குளிச்ச ஆளுக்குக் குளுரு ஒத்துக்கலயாம்” என்று அவள் சிரித்தாள். இருளேஸ்வரன் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

குடும்பக் குடியிருப்பு, குளிர் அறை முற்றத்தை ஒட்டி இருந்தது. வாசலில் நிழல் இருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவு. நாகஜோதி அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். சைரன் என்பது சாப்பாட்டு மணி என்று அவளாக நினைத்துக்கொண்டாள். ஊதினால் கணவன் வருவான், வந்தால் சோறு போட வேண்டும். யாரும் அதைத் திருத்தவில்லை. இருளேஸ்வரன் இரண்டு முறை அவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்து, மகளின் சிரிப்பைக் கேட்டு நிறுத்திக்கொண்டான்.

முதலில் ஒரு மூட்டை போதுமாக இருந்தது. பிறகு இரண்டு. சுற்றுகள் கூடின. பூமிநாதன் குளிர் அறைக்குள் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தார், மேல்சட்டையோடு வெயிலில் ஓடிப் பார்த்தார், காலையில் சாப்பிடாமல் ஓடிப் பார்த்தார். ஒவ்வொரு தந்திரமும் சில நாட்கள் வேலை செய்தது. உடம்பு மறுபடி கற்றுக்கொண்டது. சிறுவயதிலிருந்து அவரைக் காப்பாற்றிய உடம்பு அது. இவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் பதறாதே என்று அவர்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஆடி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்த ஒரு நாள், செய்யதின் ஹாரன் வழக்கத்தைவிட முன்னதாக வந்தது. காற்று நின்றுபோயிருந்தது. கடல் ஈயத் தகடுபோலக் கிடந்தது. பூமிநாதன் இரண்டு மூட்டைகளோடு தொட்டியைச் சுற்றத் தொடங்கினார்.

நாகஜோதி குழம்பை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் சுவர் முழுதும் தெரியும். உச்சியில் எறும்புகளைப்போல ஆட்கள். அதில் தன் புருஷன் எது என்று தேடுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. இன்று அவர்கள் மிக மெதுவாக அசைந்தார்கள். ஒரு புள்ளி உட்கார்ந்தது. இன்னொன்று அதன் பக்கத்தில் போய்க் குனிந்தது. பிறகு அதுவும் உட்கார்ந்தது.

ஹாரன் மறுபடி அடித்தது. விடாமல் அடித்தது.

பூமிநாதன் ஓடிக்கொண்டே சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தார். பச்சை. இன்னொரு சுற்று ஓடினார். மூட்டை பிரிந்து வெங்காயம் முற்றம் முழுக்க உருண்டது. பச்சை. நெஞ்சு வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓடினார். கால்கள் பழகிய தடத்தில் தாமாகவே போயின. மூச்சு ஆழமாக, சீராக, கடலுக்கு அடியில் இருப்பதுபோல வந்தது. பதினோரு புள்ளிகளும் ஒரே தாளத்தில், அவசரமே இல்லாமல் மினுங்கின.

நாகஜோதி சோற்றுப் பானையைத் துணியால் மூடினாள். உருண்டு வந்த வெங்காயம் ஒன்றை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஓடுனது போதும்ண்ணே. வந்து நெழல்ல உக்காரு. எப்படியும் ஊதத்தான போறாங்க.”